காய்ச்சல் விட்ட பிறகு

1997 ஆம் ஆண்டு ஆவணி மாதம். மாரி தொடங்குவதற்கு முன் கூரையை வேய்ந்துவிட வேண்டும் என்று அம்மா ஏணியில் ஏறி நின்று பழைய கிடுகுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். அவற்றைப் பொறுக்கி அடுக்குவது என் வேலை. முகட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கிடுகை இழுத்தபோது, அதற்குள் செருகியிருந்த சின்னக் கடதாசிப் பை ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. உள்ளே மண்ணிறக் குளிசைகள். எண்ணிப் பார்த்தேன், 11 இருந்தன. பையின் மேல் ஐயாவின் பெயரும் தை மாதத்துத் திகதி ஒன்றும் பேனையால் எழுதியிருந்தது.

அம்மா மேலே நின்றபடியே அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து திண்ணையில் இருந்துவிட்டார்.

அந்த வருடம் ஐயாவுக்கு மூன்று தடவை குலைப்பன் காய்ச்சல், அதாவது மலேரியா, வந்திருந்தது. தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று. மூன்று தடவையும் புதுக் காய்ச்சல், மூன்று தடவையும் எங்கேயோ நுளம்பு கடித்திருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பின்னேரம் ஐயா வயலால் வந்ததும் அம்மா பையை நீட்டினார். "காய்ச்சல்தான் விட்டிட்டுதே. பிள்ளையளுக்கு வந்தா இந்த நேரத்தில குளிசைக்கு எங்க ஓடுறது? அதுதான் எடுத்து வைச்சனான்" என்றார் ஐயா.

வன்னியில் மருந்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்த காலம் அது என்று அப்போது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் காட்டை வெட்டித் தறப்பாள் போட்டு இருந்தார்கள். ஒரு கொட்டிலில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த கிழமை நாலு பேருக்குக் காய்ச்சல். அப்படிப்பட்ட நேரத்தில் ஐயா தன் பங்கு மருந்தை எங்களுக்காக மிச்சம் பிடித்தார். அந்த 11 குளிசைகளும் அவருடைய ஈரலுக்குப் போயிருக்க வேண்டியவை என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது 12 வயது. இன்றைக்குத் துணுக்காய்ப் பக்கம் கால்நடைகளோடு வேலை செய்கிறேன். ஆட்டுக்கும் எருமைக்கும் பூச்சிமருந்து கொடுப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அந்தக் கடதாசிப் பையை நினைக்காமல் நான் ஒரு மருந்துப் போத்தலைத் திறந்த நாள் இல்லை என்றே சொல்லலாம்.

முதலில் ஐயாவின் காய்ச்சலைச் சொல்லிவிடுகிறேன். அது மத்தியானத்துக்குப் பிறகு வரும். முதலில் நகம் நீலம் பாயும். பிறகு பல்லுக் கிட்டும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், ஐயா வீட்டிலிருந்த போர்வை எல்லாம் போர்த்து, அதற்கு மேல் சாக்கையும் போர்த்திக்கொண்டு, "ஏறி இருங்கோடா" என்று எங்களைக் கூப்பிடுவார். நானும் தம்பியும் அவர் மேல் ஏறிக் குந்துவோம். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடுவோம், அவ்வளவு நடுக்கம். ஒரு மணித்தியாலத்தில் நடுக்கம் நின்று உடம்பு நெருப்பாகும். இருட்டுப் படும் நேரத்தில் வியர்த்துக் கொட்டிப் பாய் நனைந்துவிடும். விடியக் காலையில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். அன்று ஒன்றும் இராது. அதற்கு அடுத்த நாள் அதே நேரத்துக்கு நகம் நீலம் பாயும்.

முறைக்காய்ச்சல் என்று எங்கள் ஆட்கள் வைத்த பெயர் எவ்வளவு சரியான பெயர்! முறை வைத்து வருகிறது. மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் புகுந்து, அதன் சிவப்பைத் தின்று, பெருகி, குழியத்தை வெடித்துக்கொண்டு வெளியே வர 48 மணித்தியாலம் எடுக்கிறது. கோடிக்கணக்கான குழியங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெடிக்கும்போது அந்தக் குப்பையெல்லாம் இரத்தத்தில் கொட்டுகிறது. அதுதான் நடுக்கம். இடைப்பட்ட நாளில் மனிதர் வயலுக்குப் போகிறார், ஒட்டுண்ணி அடுத்த குழியத்துக்குள் இருந்து தின்றுகொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் இலங்கையில் பெரும்பாலும் இருந்தது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற இனம். ஐயாவுக்கும் அதுதான். நுளம்பு கடிக்கும்போது அதன் எச்சிலோடு உடம்புக்குள் வருகிற ஒட்டுண்ணி நேரே இரத்தத்தில் பெருகுவதில்லை. முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கே ஒவ்வொன்றும் ஒரு ஈரற் கலத்துக்குள் நுழைந்து, ஏறக்குறைய ஒரு கிழமையில் ஆயிரக்கணக்காகப் பெருகி இரத்தத்துக்குள் இறங்குகிறது. ஆனால் நுழைந்த எல்லாமே அப்படிச் செய்வதில்லை. சில, கலத்துக்குள் போனதும் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒற்றைக் கருவோடு, ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு அளவில், பெருகாமல், காய்ச்சல் தராமல், கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில், சில வேளைகளில் வருடம் தாண்டியும் கிடக்கின்றன. ஹிப்னோசொயிட் என்று பெயர். ஹிப்னொஸ் என்றால் கிரேக்கத்தில் நித்திரை.

இதைக் கண்டுபிடிக்க மனிதருக்கு எடுத்த காலம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். மலேரியா ஒட்டுண்ணியை லவெரான் இரத்தத்தில் கண்டது 1880. நுளம்பு வயிற்றில் ரொஸ் கண்டது 1897. ஈரலில் ஒரு கட்டம் இருக்கிறது என்று ஷோர்ட்டும் கார்ன்ஹமும் காட்டியது 1948. அந்த ஈரலிலேயே நித்திரையாகக் கிடக்கிற உருவத்தைக் கிரொடொஸ்கியும் கார்ன்ஹமும் அவர்களோடு வேலை செய்தவர்களும் நுணுக்குக்காட்டியில் பிடித்தது 1980 களின் தொடக்கத்தில். முதலில் குரங்கு மலேரியாவிலும் பிறகு வைவாக்சிலும் கண்டார்கள். முதற் கண்டுபிடிப்புக்கும் இதற்கும் இடையில் 100 வருடம். ஐயாவின் பை கூரையிலிருந்து விழுந்தபோது இந்த அறிவுக்கு 20 வயதுகூட ஆகவில்லை.

இனிக் குளிசைக் கணக்குக்கு வருவோம். குளோரோகுயின் கசப்பானது, உடம்பெல்லாம் கடிக்கும், ஆனால் இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியைக் கொன்று காய்ச்சலை விடச் செய்யும். ஈரலில் கிடப்பதை அது தொடாது. மண்ணிறத்தில் வந்த பிறைமாகுயின்தான் ஈரலுக்குள் போய்க் கிடப்பதைக் கொல்கிற மருந்து. பார்த்தீர்களா, எவ்வளவு சிக்கலான இடம் என்று? உடம்பு சுகமான பிறகும், பசியெடுத்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் ஒரு மனிதர் நாள் தவறாமல் போட வேண்டிய குளிசை அது. ஒரு வலியும் இல்லாத நேரத்தில், பக்கத்துக் கொட்டிலில் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அதை விழுங்குவதற்கு மனம் வர வேண்டும். ஐயாவுக்கு வரவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏன் ஒரு ஒட்டுண்ணி இப்படிக் கிடக்க வேண்டும்? இதற்குப் பதில் உடம்புக்கு வெளியே இருக்கிறது. கொரியா போன்ற குளிர்நாடுகளில் நுளம்பு பறப்பது கோடைகாலத்தில் மட்டும். அங்கத்தைய வைவாக்ஸ் பல தடவை கடித்தவுடன் காய்ச்சலே தராமல் 8 முதல் 12 மாதம் வரை ஈரலில் கிடந்து, அடுத்த கோடைக்கு எழும்புகிறது. பனிக்காலத்தில் எழும்பி இரத்தத்துக்கு வந்து என்ன பயன்? எடுத்துக்கொண்டு போக நுளம்பு இல்லையே. வெப்பநாடுகளில் வருடம் முழுக்க ஏதோ ஒரு அளவில் நுளம்பு உண்டு. அங்கத்தைய வைவாக்ஸ் சில கிழமைகளுக்கு ஒரு தடவை எழும்பிப் பார்க்கிறது. ஒரே இனம், ஊருக்கு ஏற்ற நித்திரை.

எங்கள் ஊர்க் கணக்கு கொஞ்சம் விசித்திரம். மழைக்காலத்தில்தான் நுளம்பு என்று நாங்கள் நினைக்கிறோம். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கியமான நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். அதற்குப் பாய்கிற தண்ணீர் பிடிக்காது, ஊத்தைத் தண்ணீரும் பிடிக்காது. ஆறு ஓடி முடிந்து, மணலில் அங்கங்கே குழி குழியாகத் தேங்கி, வெயில் படுகிற தெளிந்த தண்ணீர்தான் அதற்கு விருப்பம். பாலியாற்றில் மாரி வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பாருங்கள். சின்ன வயதில் நாங்கள் மீன் பிடித்த குழிகள் எல்லாம் அந்த நுளம்பின் குடம்பிகள் வளர்ந்த குழிகள். 1934, 35 இல் இலங்கையின் மிகக் கொடிய மலேரியா வந்ததும் வெள்ளத்தால் அல்ல, வறட்சியால். தென்மேல் பருவமழை பொய்த்து, வழக்கமாக ஓடுகிற ஆறுகள் குழிகளாகச் சிதறிப்போயின. ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள்.

நுளம்பே இல்லாத வறட்சியை, ஈரலில் பதுங்கத் தெரியாத ஒட்டுண்ணி எப்படிக் கடக்கிறது? பல்சிபாரம் என்ற மற்ற இனத்துக்கு ஹிப்னோசொயிட் கிடையாது. மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில் செய்து 2020 இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சொல்கிறது. அங்கே ஆறு மாதம் ஒரு சொட்டு மழை இல்லை. அந்த மாதங்களில் ஒட்டுண்ணி புகுந்த செங்குழியங்கள் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளப் பிந்துகின்றன. ஒட்டாமல் சுற்றித் திரிவதால் மண்ணீரல் பலவற்றை வடித்துக் கொன்றுவிடுகிறது. மிச்சம் கொஞ்சமாக இருக்கிறது. கொஞ்சமாக இருப்பதால் காய்ச்சல் இல்லை, காய்ச்சல் இல்லாததால் மருந்து இல்லை, மழை வரும்வரை மனிதர் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்.

சரி, ஆட்டுக்கு வருகிறேன். போன வருடம் ஐப்பசி கடைசியில் ஒரு பெரியவர் தன் பட்டியில் இருந்து ஒரு மறி ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு பை தொங்குவது மாதிரி வீக்கம். விரலால் அமத்தினால் குழி விழுந்து, மெல்ல மெல்ல நிரம்பியது. "கோடை முழுக்க நல்லா நிண்டது பிள்ளை. மழை பெஞ்சு இரண்டு கிழமைகூட ஆகேல்லை. ஆரும் கண் வைச்சிட்டினமோ தெரியேல்லை" என்றார்.

நான் ஆட்டின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தேன். சுகமான ஆட்டுக்கு அந்த இடம் செவ்வரத்தம் பூ மாதிரி இருக்கும். இதற்குக் கடதாசி மாதிரி வெள்ளையாக இருந்தது. ஹீமொங்கஸ் என்ற குடற்புழு, ஆட்டின் நாலாவது இரைப்பையில் இருந்து இரத்தம் உறிஞ்சுகிற புழு. இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைச் சூலகம் முறுகிக் கிடப்பதால் செத்த ஆட்டை வெட்டிப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல் மாதிரித் தெரியும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லிலீற்றர் இரத்தம் எடுக்கும். 1,000 புழு என்றால் 50 மில்லிலீற்றர். 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஒன்றரை லீற்றருக்குக் குறைவு. மாதம் ஒன்றில் என்ன மிஞ்சும்?

இதில் பெரியவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது நாட்கணக்கைத்தான். புழுக்கையோடு விழுகிற முட்டை, ஈரத்தில் பொரித்து, ஆட்டைத் தொற்றும் குடம்பியாக வளர ஒரு கிழமை வேண்டும். அந்தக் குடம்பி புல்லின் ஈரத்தில் ஏறி நின்று, ஆட்டின் வாய்க்குள் போய், முட்டையிடும் புழுவாக வளர இன்னும் மூன்று கிழமை வேண்டும். மழை பெய்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அப்படியென்றால் இந்தப் புழுக்கள் இந்த மழையில் வந்தவை அல்ல. போன ஈரத்தில் உள்ளே போனவை. இரைப்பைச் சுவரில் நாலாம் பருவக் குடம்பியாகவே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கோடை முழுக்கக் கிடந்தவை. மழை குறைந்த நாடுகளில் இந்தப் புழு இப்படிச் செய்வதைக் கால்நடை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கோடையில் முட்டை போட்டால் வெயிலில் காய்ந்து சாகும். ஆகவே ஆட்டுக்குள் கிடந்து, வெளியே மண் நனையும் காலத்துக்கு எழும்பி, நாளொன்றுக்கு ஒரு பெண்புழு 5,000 முதல் 10,000 முட்டை வரை கொட்டத் தொடங்குகிறது.

"அப்ப கோடையில நிண்ட ஆட்டுக்குள்ளையும் இது கிடந்ததோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். கனநேரம் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

வெளியே புல்லில் நிற்கிற குடம்பியும் ஒருவகையில் கிடப்பதுதான். முன்பு கழற்றியிருக்க வேண்டிய பழைய தோலை உறையாக மூடிக்கொண்டிருக்கும். அதற்குள் இருந்து ஒன்றும் தின்ன முடியாது. சேர்த்து வைத்த கொழுப்பில் சீவிக்கிறது. ஆட்டின் இரைப்பைக்குள் போய் அங்கத்தைய சூடும் காற்றும் பட்டதும்தான் உறையைக் கழற்றும். கோடையில் ஆடுகள் அலைகரையில் புல் இல்லாமல் கொப்பும் குழையும் கடிப்பதால் இதை அவ்வளவாகத் தின்பதில்லை. மழைக்குப் பிறகு பச்சைப் புல்லைக் கண்டதும் நிலத்தோடு ஒட்ட மேயும். உள்ளே கிடந்தது எழும்பும் நேரமும் வெளியே கிடந்தது வாய்க்குள் போகும் நேரமும் ஒன்றாகவே வருகிறது. ஆகவே மாரிக்கு முன், ஆடு நன்றாக நிற்கும்போதே இமையைப் பாருங்கள் என்று பட்டி பட்டியாகச் சொல்லித் திரிகிறேன். எல்லா ஆட்டுக்கும் எல்லா நேரமும் மருந்து ஊற்றவும் கூடாது, புழு மருந்துக்குப் பழகிவிடும். இமை வெளுத்ததற்கு ஊற்றுங்கள். சொல்வது சுலபம். நன்றாக நிற்கிற ஆட்டைப் பிடித்து இமையை இழுத்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது, வயல் உழவும் அதே கிழமையில் வந்து நிற்கும்போது?

எருமைக் கன்றுகளின் கதைதான் என்னை அதிகம் உலுப்பியது. வேலைக்கு வந்த புதிதில், குளத்து அலைகரையில் இருந்த ஒரு எருமைப் பட்டிக்குப் போனேன். தயிருக்குப் பேர்போன பட்டி. பிறந்து மூன்று கிழமையான கன்று ஒன்று தாயோடு ஒட்டி நின்றது. வயிறு மட்டும் பானை மாதிரி, மற்றதெல்லாம் எலும்பு. களிமண் நிறத்தில் கழிச்சல். குனிந்து அதன் முகத்துக்குக் கிட்டப் போனபோது மூச்சில் ஒரு மணம், பழுதான வெண்ணெயும் புளிப்பும் கலந்த மாதிரி. பட்டிக்காரர் எனக்கு முதலே சொன்னார்: "இந்த மணம் வந்தாக் கண்டு மிஞ்சாது."

டொக்சொகாரா விடுலோரம் என்ற வட்டப்புழு. கன்றின் குடலில் ஓர் அடி வரை நீளும். பட்டிக்காரருக்கு விளங்காதது இதுதான்: பால் தவிர வேறொன்றும் வாயில் வைக்காத கன்றுக்கு இவ்வளவு பெரிய புழு எப்படி வந்தது? பாலில் வந்தது. தாய் எருமை எப்போதோ மேய்ச்சலில் விழுங்கிய முட்டைகள் பொரித்து, குடம்பிகளாக அதன் ஈரலிலும் தசைகளிலும் போய்க் கிடக்கின்றன. தாயின் உடம்பில் அவை வளர்வதே இல்லை. தாய்க்கு ஒரு குறையும் தெரியாது. கன்று ஈனும் நாள் நெருங்கும்போது தாயின் ஓமோன்கள் மாறுகின்றன, மடி இறங்குகிறது. அந்த மாற்றத்தோடு குடம்பிகளும் எழும்பி மடியை நோக்கி நகர்கின்றன. முதல் ஒன்றரைக் கிழமைப் பாலில் இறங்கிக் கன்றின் வயிற்றுக்குள் போகின்றன. அங்கேதான் முழுப் புழுவாகின்றன.

நான் அன்று வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடும்புப்பாலை நாங்கள் எவ்வளவு புனிதமாக நினைக்கிறோம். கன்று முதலில் குடிக்க வேண்டும், அது குடித்தால்தான் தப்பும் என்பதில் மாற்றமில்லை. அதே பாலில் இதுவும் வருகிறது. தாய்க்கு மருந்து கொடுத்துத் தசைக்குள் கிடக்கும் குடம்பியை அகற்றுவது கைகூடுகிற காரியமில்லை. கன்றுக்கு மூன்றாம் கிழமை முடிவதற்குள், இன்னும் வயிறு உப்பாமல் துள்ளித் திரியும்போதே, பைறன்ரல் மருந்தை வாயில் ஊற்றிவிட வேண்டும். முட்டையிடும் வயதுக்கு வரும் முன்பே புழு செத்து வெளியே போகும், பட்டி நிலமும் முட்டையால் நிரம்பாது. அந்தக் கன்றுக்கு நான் பிந்திப் போனேன். இரண்டு நாளில் செத்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பட்டிக்காரர் கன்று பிறந்ததிலிருந்து நாளுக்கு ஒரு வெட்டாகப் பட்டிக் கதியாலில் கத்தியால் அடையாளம் வைக்கிறார். வெட்டு 14 ஆனதும் எனக்குத் தொலைபேசி வரும்.

நாய்க்குட்டிகளுக்கும் இதே குடும்பத்துப் புழு, கருவிலேயே, பிறப்பதற்கு மூன்று கிழமை முன் தாயின் தசையிலிருந்து எழும்பிப் போகிறது. பூனையிலிருந்து பரவுகிற டொக்சொபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மூளையிலும் தசையிலும் கட்டியாக உறைந்து கிடக்கிறது. அது வேகமாகப் பெருகும் உருவத்தில் இருந்து கிடக்கும் உருவத்துக்கு மாறுவதற்கு ஒரு தனிப் பரம்பரையலகு திறப்புப் போல இருக்கிறது, அதை நீக்கிவிட்டால் கட்டியாகவே மாறத் தெரியாது என்று 2020 இல் கண்டார்கள். வைவாக்ஸ் விடயத்திலும் ஒரு தட்டி எழுப்பல் தெரிகிறது: பல்சிபாரம் காய்ச்சல் வந்து மாறியவர்களுக்குச் சில கிழமைகளில் ஈரலில் கிடந்த வைவாக்ஸ் எழும்புவது அடிக்கடி நடக்கிறது. எங்கள் பாடப்புத்தகங்கள் ஒட்டுண்ணி தங்கும் உயிரை விருந்துவழங்கி என்று சொல்லும். படிக்கிற காலத்தில் பொருத்தமில்லாத சொல் என்று நினைத்தேன், யார் விரும்பி வழங்குகிறார்கள் என்று. இப்போது அந்தச் சொல்லை மாற்ற எனக்கு மனமில்லை. விருந்தாளி வீட்டுக்காரரின் ஒவ்வோர் அசைவையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எப்போது சூல் கொள்கிறது, எப்போது மடி இறங்குகிறது, எப்போது வேறு நோயில் விழுகிறது என்று.

ஐயா செய்த பிழையை ஒரு நாடே செய்தது. 1946 இல் நுளம்பைக் கொல்ல டி.டி.டி. தெளிக்கத் தொடங்கி, 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். லட்சக்கணக்கில் இருந்தது 17 ஆனது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று தெளிப்பைக் கைவிட்டார்கள், தேடிப் பார்ப்பதைத் தளர்த்தினார்கள். 1968, 69 இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. 11 குளிசையைக் கிடுகுக்குள் செருகிய மனிதருக்கு ஒரு நியாயம் இருந்தது, பிள்ளைகள். நாட்டுக்கு என்ன நியாயம் இருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு 30 வருடம் அது விடவில்லை. 1999 இல்கூட 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர்.

இரண்டாம் தடவை விடாமல் செய்தார்கள். வன்னியில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் வீடு வீடாக மருந்தூட்டிய நுளம்பு வலை வந்தது. காய்ச்சல் இல்லாதவர்களிடமும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். காய்ச்சலே இல்லாத என்னிடம் ஏன் இரத்தம் எடுக்கிறீர்கள் என்று அம்மம்மா சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கிறது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தேய்த்து, மேசையில் குனிந்து, நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்தபடியே வருடக்கணக்காக இருந்த அந்த ஊழியர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஐப்பசியில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. அந்த வருடம் முடிவதற்குள் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற புது நுளம்பைக் கண்டார்கள். இது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும், ஆற்றுக் குழி வேண்டியதில்லை. 2018 மார்கழியில், வெளிநாட்டில் இருந்து ஒருவர் கொண்டுவந்த வைவாக்ஸ் இங்கிருந்த நுளம்பு வழியாக இன்னொருவருக்குத் தொற்றியதையும் உடனே பிடித்து நிறுத்தினார்கள்.

சான்று கிடைப்பதற்கு முன், 2014 இல், சித்தப்பாவின் மகன் தமிழ்நாட்டு முகாமில் இருந்து திரும்பி வந்தான். வந்து இரண்டாம் மாதம் நடுக்கம். ஐயா அவன் நகத்தைப் பார்த்தார். "இது அதுதான்" என்று சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரத்தத்தில் வைவாக்ஸ் இருந்தது. பிறைமாகுயின் சிலருக்குச் செங்குழியங்களை உடைத்துவிடும் என்பதால், அதற்குரிய பரிசோதனையையும் செய்து பார்த்த பிறகு, மூன்று நாள் குளோரோகுயின், 14 நாள் பிறைமாகுயின் என்று கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மொத்தம் 28 குளிசை. நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றத் தொடங்கிவிட்டான்.

ஐயாவுக்கு அப்போது 60 தாண்டிவிட்டது. ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தடியை ஊன்றிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். "எங்க, சாப்பிட்டியோ? இப்ப போடு" என்று சொல்லி, அவன் விழுங்கித் தண்ணீர் குடித்து முடியும்வரை எதிரே இருந்தார். சுகாதாரப் பகுதியினரும் வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், அது அவருக்குப் போதவில்லை. ஒன்பதாம் நாள் மழை கொட்டியது. போகாதீர்கள், நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு போனார்.

14 ஆம் நாள் நானும் கூடப் போனேன். அவன் கடைசி இரண்டையும் விழுங்கினான். ஐயா அந்தக் கடதாசிப் பையை வாங்கி, தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். விரலை விட்டும் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் அதை அடுப்புக்குள் போட்டு, எரிந்து முடியும்வரை நின்றார்.